இன்சுலினைக் கேட்காமலே கதவைத் திறக்கும் தசை

“தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன், எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை, அப்புறம் எதற்கு நடக்கணும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதயத்துக்கு நல்லது, ரத்த அழுத்தம் குறையும், தூக்கம் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எடை மெஷினில் தெரியாத ஒரு வேலை தசைக்குள் நடக்கிறது, அதைப் பார்க்கலாம்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் தானாகத் தசைக்குள் புகுந்துவிடாது. தசை செல்லின் சவ்வில் அதற்குக் கதவாக ஒரு புரதம் வேண்டும், பெயர் குளுட்-4. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்போது சவ்விலேயே இருக்காது. செல்லுக்குள் நுண்ணிய பைகளில் முடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து வெளியே ஒட்டினால் செய்தி உள்ளே போகும், பைகள் நகர்ந்து வந்து சவ்வோடு கலக்கும், குளுக்கோஸ் நுழையும். டைப் 2 நீரிழிவில் இந்தச் செய்திதான் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

ஆனால் தசை சுருங்கி விரியும்போது உள்ளே கால்சியம் பாய்கிறது, எரிபொருளான ஏடிபி வேகமாகச் செலவாகிறது, அந்தச் செலவை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இவையெல்லாம் சேர்ந்து இன்சுலினுக்காகக் காத்திராமல் குளுட்-4ஐச் சவ்வுக்குத் தள்ளிவிடுகின்றன! இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத தசையிலும் இந்த வழி பெரும்பாலும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. இது மாத்திரையில் வந்திருந்தால் விளம்பரம் தூள் பறந்திருக்கும்; நடைக்குக் காப்புரிமை வாங்க முடியாதே, அதனால் அதை விளம்பரப்படுத்த ஆளில்லை, வயிற்றைக் குலுக்கும் பெல்ட்டை விற்க மட்டும் ஆளிருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் இந்தக் கதவுகள் சில மணி நேரத்தில் உள்ளே திரும்பிவிடும். ஆனால் இன்சுலினுக்கு அந்தத் தசை காட்டும் கூடுதல் மரியாதை ஓரிரு நாள் நீடிக்கும். அந்தத் தசை மட்டும்தான்: ஒரு காலை மட்டும் உழைக்கவைத்த சோதனைகளில், ஓய்வெடுத்த காலுக்கு இந்த லாபம் கிடைக்கவில்லை. ஆகவே நடந்தால் கால் பயனடையும், தோளும் முதுகும் வேடிக்கை பார்க்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, கூடவே 2 நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி. தண்டாலோ எடை தூக்குவதோ, எதுவானாலும் சரி. 65 வயதைத் தாண்டியவர்கள் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் 2 நாளுக்கு மேல் சும்மா இருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், எந்தக் கிழமை என்பது உங்கள் வசதி.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறக்கும் என்பதால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், சில சமயம் அன்று இரவுகூட. மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள், பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.