தட்டு உங்களுக்கு முன்னால் போகக் கூடாது

வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா, வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான்கு வளையல்கள், ஆறு பவுன். திரும்பி வரும் வழியில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது, உலோகப் பொருட்களைக் கழற்றுங்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டித் தட்டில் வைத்தார். தட்டு எந்திரத்துக்குள் போய்விட்டது. அவருக்கு முன்னால் இன்னும் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர் மறுபக்கம் வந்து சேர்ந்தபோது கைப்பை இருந்தது, சால்வை இருந்தது, செருப்பு இருந்தது. நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடியவருக்குக் கைக்குட்டை நினைவுக்கு வந்தது திருச்சியில்தான்.

அந்த விமான நிலையத்துக்குப் புகார் எழுதினோம். எத்தனையாவது வரிசை, எத்தனை மணி என்று கேட்டுப் பதில் வந்தது. அவரால் இரண்டையும் சொல்ல முடியவில்லை. வளையல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

திருச்சியில் பயண முகவராக இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று எங்கள் ஊர் மக்கள் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். டிக்கெட்டை வாங்கும்போது எல்லோரும் கேட்பது, எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதைத்தான். பணத்தோடும் நகையோடும் சோதனையை எப்படித் தாண்டுவது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அதனால் நானே வலிந்து சொல்லத் தொடங்கினேன். சொல்வதில் முதன்மையானது ஒன்றுதான்: உங்கள் தட்டு உங்களுக்கு முன்னால் போகக் கூடாது.

பொருளும் ஆளும் ஒரே நேரத்தில் பிரிவது பயணம் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான். பை எந்திரத்தின் ஓடும் பெல்ட்டில் ஒரு வழியாகப் போகிறது, நீங்கள் உலோகம் கண்டறியும் வாயில் வழியாகப் போகிறீர்கள். உங்களை நிறுத்தி உடற்சோதனை செய்தால் பை மறுபக்கம் தனியாகக் கிடக்கும். நம் நாட்டில் இது பெண்களுக்கு இன்னும் சிக்கல். ஆண்களைத் திறந்த இடத்தில் சோதிக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்தே பையைப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களைத் திரை மறைப்புக்குள் பெண் காவலர் சோதிக்கிறார். அந்த மறைப்புக்குள் நிற்கும்போது பை கண்ணில் படாது. பெண்கள் வரிசை பெரும்பாலும் மெதுவாகவே நகர்கிறது. கழுத்திலும் கையிலும் நகையோடு போகிறவர்களும் அவர்கள்தான்.

அவசரப்படாதீர்கள். முன்னால் நிற்பவர் வாயிலைத் தாண்டும்வரை தட்டைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால், “நீங்கள் முதலில் போங்கள்” என்று வழிவிடுங்கள். செருப்பு, இடுப்பு பெல்ட், லேப்டாப் எல்லாம் முதலில் போகட்டும். பணம் உள்ள பை கடைசியாகப் போகட்டும். அது எந்திரத்தின் வாய்க்குள் நுழைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு நகருங்கள். குடும்பமாகப் போனால் இன்னும் எளிது. ஒருவர் வெறுங்கையோடு முதலில் தாண்டி, பைகள் வெளியே வரும் இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் பைகளைப் பெல்ட்டில் ஏற்ற வேண்டும்.

பர்ஸ், கைக்கடிகாரம், மோதிரம் எதையும் திறந்த தட்டில் போடாதீர்கள். சட்டைப்பையில் உள்ளதை எடுக்கச் சொல்வார்கள் என்பது தெரிந்த விஷயம். வரிசையில் சேருவதற்கு முன்பே அவற்றைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டால், எடுத்துப் போட எதுவும் மிஞ்சாது. கறுப்புப் பை வைத்திருப்பவர்கள் கைப்பிடியில் சிவப்புத் துணியோ நூலோ கட்டிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே எடுத்தார்களோ, தவறுதலாக எடுத்தார்களோ, இழப்பு உங்களுக்குத்தான்.

சோதனை செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். நம் விமான நிலையங்களில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்த பர்ஸ்களும் போன்களும் என் வாடிக்கையாளர்களிடமே நிறைய உண்டு. அமெரிக்காவில் பயணிகள் சோதனைத் தட்டுகளில் விட்டுச்சென்ற சில்லறையும் நோட்டுமாக 2019 நிதியாண்டில் மட்டும் 9 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மறதியால் போவது அவ்வளவு!

ஆனாலும் விதிவிலக்குகள் உண்டு, அவை பதிவாகியும் இருக்கின்றன. 2023இல் மயாமி விமான நிலையத்தில், எக்ஸ்-ரே எந்திரத்துக்குள் போகும் பைகளிலும் பர்ஸ்களிலும் ஊழியர்கள் கைவிட்டுப் பணம் எடுத்தது கேமராவில் பதிந்து, கைது வரை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் மணிலாவில் ஒரு சோதனை ஊழியர், பயணியிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 300 டாலர் நோட்டுகளை வாயில் திணித்து விழுங்கும் காட்சி உலகம் முழுவதும் ஒளிபரப்பானது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பர்ஸை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் எடுத்ததுதான். பர்ஸையே தூக்கிக்கொண்டு போனால் உடனே கூச்சல் எழும். கட்டிலிருந்து சில தாள்களை மட்டும் உருவினால் பயணிக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கு வந்து எண்ணிப் பார்த்து, எங்கேயோ செலவழித்துவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்வார். ஆகவே வீட்டிலேயே எண்ணி, ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடுங்கள். தொகையைப் போனில் குறித்துவையுங்கள். பிரிக்கப்பட்ட உறை பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் மறுக்கக் கூடாது, மறுக்கவும் முடியாது. உங்கள் கண்முன் திறக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பெரிய தொகையோ நகையோ இருந்தால், எல்லோர் பார்வையிலும் விரிக்க வேண்டாம், தனியறையில் பாருங்கள், இன்னோர் அலுவலரும் உடன் இருக்கட்டும் என்று கேளுங்கள். ஒரு பையைத் திறந்து பார்க்கும்போது மற்ற தட்டுகளை மறந்துவிடாதீர்கள். முதலில் அவற்றையும் எடுத்து உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பெஞ்சு இருக்கும். ஒரு நிமிடம் உட்கார்ந்து சரிபாருங்கள். ஏதேனும் குறைந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். “என் பொருள் குறைகிறது, கேமராப் பதிவைப் பாருங்கள்” என்று மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். வரிசை எண்ணையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்பப் போகிறது என்றால், புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு அதைப் படம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். இந்தியாவுக்குள் நடந்திருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி மின்னணு வழியிலும் காவல்துறைக்குத் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். நாள் கடத்தினால் கேமராப் பதிவு அழிந்துபோகும்.

இத்தனை தொல்லை எதற்கு, பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது இதைவிட மோசம். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் பணமும் நகையும் வைக்கக் கூடாது என்பது விமான நிறுவனங்கள் பொதுவாக விதிக்கும் நிபந்தனை. பிறகு இழப்பீடு கேட்டு வாதாட வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில், விமானத்துக்குள் மேலே பெட்டி வைக்க இடமில்லை என்று, ஏறும் வாயிலிலேயே கைப்பெட்டியை வாங்கிக்கொள்வதும் உண்டு. அதனால் பணமும் நகையும் தோளில் மாட்டும் சிறு பையில் இருக்கட்டும்.

ரொக்கத்தைக் குறைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. இங்கிருந்து போகிறவர்கள் செலவுக்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் நோட்டாக வைத்துக்கொண்டு மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டில், ஏற்றிக்கொள்ளலாம். கார்டு தொலைந்தால் ஒரு போனில் முடக்கிவிடலாம். தொலைந்த நோட்டை என்ன செய்ய முடியும்?

வளையல்களைத் தொலைத்த அந்த அம்மா அண்மையில் இரண்டாவது பேரனைப் பார்க்கக் கிளம்பினார். மிச்சமிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றவே இல்லை. சோதித்த பெண் காவலர் கைக்கருவியை வளையல்களின் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாராம். விமானம் ஏறுவதற்கு முன் போன் செய்து சொன்னார்.