மோட்டாருக்குத் தந்தி அறுவது தெரியாது

கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் அக்கூஸ்டிக் கிட்டாரோடு வந்தார். முதல் தந்தி அறுந்திருந்தது. இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே சிவப்பாக ஒரு கோடு. ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டை வைத்து அவரே செய்த, தானாகச் சுருதி சேர்க்கும் ட்யூனர், தந்தியை முறுக்கிக்கொண்டே போய் அறுத்துவிட்டது. தந்தியை இறுக்கும் கீ சரியாகச் சுற்றுகிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அருமையான புராஜெக்ட். தந்தியின் ஒலியை, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வட்டு பிடிக்கிறது, மைக்ரோகண்ட்ரோலர் அதன் அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறது, கியர் மோட்டார் கீயைத் திருப்புகிறது. ஆனால் கையால் திருப்பும்போது இறுக்கம் விரலுக்குத் தெரியும், தானாக நிறுத்திவிடுவோம். மோட்டாருக்கு அந்த உணர்வு இல்லை. அதை நாம்தான் கோடில், அதாவது புரோகிராமில், எழுதி வைக்க வேண்டும்.

அந்த மாணவரின் கோடைப் பார்த்தேன். தந்தியின் அலை எத்தனை சாம்பிளுக்கு (போர்டு எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) ஒருமுறை திரும்ப வருகிறது என்று பார்க்கும் ஆட்டோகோரிலேஷன் முறை. நல்ல முறைதான். ஆனால் ஒரு சுற்றுக்குப் பொருந்தும் அலை இரண்டு சுற்றுக்கும் பொருந்தும். கோட் சில சமயம் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். முதல் தந்தி 329.6 ஹெர்ட்ஸில் சரியாக ஒலிக்கும்போதே 164.8 என்று படிக்கும். உடனே மோட்டார் இறுக்கும். இறுக்கினாலும் அளவு பாதியாகவே வரும், மேலும் இறுக்கும். பாதியாகப் படிக்கும் அளவு இலக்கைத் தொட, தந்தி உண்மையில் ஒரு ஸ்தாயி, அதாவது இரண்டு மடங்கு அதிர்வெண்ணுக்கு, ஏற வேண்டும். அதற்கு இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். 12 கேஜ் (0.012 அங்குலத் தடிமன்) முதல் தந்தி சாதாரணமாகவே பத்து கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நான்கு மடங்கை எஃகு தாங்காது, பாதி வழியிலேயே அறுந்துவிடும். கீயில் மூன்று நான்கு சுற்று போதும். மோட்டாருக்கு அது சில விநாடி வேலை.

இன்னொரு தவறும் அதே கோடில் இருந்தது. ஆர்டுயினோவின் உனோ போர்டில், வோல்டேஜைப் படிக்கும் அனலாக் ரீட் கட்டளை விநாடிக்கு ஏறக்குறைய 9,600 சாம்பிள்தான் எடுக்கும். ஆறாம் தந்தியின் 82.4 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்றில் சுமார் 116 சாம்பிள் கிடைக்கும், சமாளிக்கலாம். முதல் தந்திக்கு 29தான். ஒரு சாம்பிள் தள்ளிப் படித்தால் 331 ஹெர்ட்ஸ் 320 ஆகிவிடும், அதாவது அரை சுரத்தில் பாதிக்கும் மேல். வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் கடிகாரத்தை வேகப்படுத்துங்கள், அதோடு இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை மிக நன்றாகப் பொருந்தும் இடத்தைக் கணித்து எடுங்கள். இல்லையென்றால் மோட்டார் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும்.

சரி, எப்படித் தடுப்பது? எந்தத் தந்தி என்பதைப் பயனர் முதலில் பட்டனில் தேர்ந்தெடுக்கட்டும். வந்த அளவு இலக்கிலிருந்து ஒரு முழு சுரத்துக்கு மேல் விலகியிருந்தால் மோட்டாரைத் தொடவே கூடாது, மறுபடி மீட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்து மூன்று அளவுகள் ஒத்துப்போன பிறகே திருப்புங்கள். முதல் தந்தியை அரை சுரம் ஏற்ற, 14-க்கு 1 கியர் உள்ள (14 முறை திருப்பினால் தந்தி சுற்றிய தண்டு ஒருமுறை சுற்றும்) கீயில் அரைச் சுற்று போதும். ஆகவே ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் இறுக்க அனுமதிக்காதீர்கள். மொத்தம் ஒரு சுற்று ஆனதும் நின்றுவிட வேண்டும். புதுத் தந்தி மாட்டும்போது முதல் இறுக்கத்தைக் கையால் கொடுங்கள். அளவெடுக்கும்போது மோட்டார் ஓடக் கூடாது, கியரின் நடுக்கம் மரம் வழியாக பீசோவுக்குப் போய்விடும்.

கோடை மட்டும் நம்பவும் கூடாது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் போர்டின் வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆவது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் போர்டின் பின்கள் எந்தச் சிக்னலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும், மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், கிரவுண்டை மட்டும் இணையுங்கள். எனேபிள் பின்னில் (டிரைவரை இயக்க அனுமதிக்கும் பின்) வோல்டேஜ் வந்தால் மட்டும் ஓடும் டிரைவராக இருந்தால், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், போர்டு ரீசெட் ஆனாலும் மோட்டார் நிற்கும். சில ரூபாய்தான் செலவு. அப்புறம், மோட்டாரின் மின்பாதையிலேயே ஓர் அழுத்து பட்டன் வையுங்கள். விரல் அழுத்தியிருக்கும் வரைதான் அது ஓட வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பார்வைக்கு அணியும் கண்ணாடி மட்டும் போதாது. தந்தி இருக்கும் கோட்டில் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் குழந்தைகள் நிற்க வேண்டாம். லைட் கேஜ் ஆறு தந்திகளும் சேர்ந்து பிரிட்ஜை (தந்திகளைப் பிடித்தபடி கிட்டாரின் முகப்பில் ஒட்டியிருக்கும் கட்டை) எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பழைய கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டு ஏற்கெனவே விட்டிருந்தால், தந்தி அறுவதற்கு முன் அதுவே பெயர்ந்து வரும்.

அந்த மாணவரின் கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டுக் கொடுத்தேன். கூடவே ஒரு பலகையில் பழைய கீ ஒன்றையும் ஒற்றைத் தந்தியையும் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். நூறு முறை அதில் தவறில்லாமல் ஓடிய பிறகு கிட்டாரில் மாட்டுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.