கால் வாட், பத்து நிமிடம்

மாலை ஆறே முக்கால். திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. இடது கையில் வாக்கி-டாக்கி. வலது கையில் மீன்முள் போல ஓர் ஆன்டெனா. கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப்பை அளந்து வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி நானே செய்தது. காதில் இயர்போன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தம்பி, டிரோன் விடுறீங்களா?”

“இல்லக்கா. சாட்டிலைட் ஒண்ணு வருது. அதுல பேசப் போறேன்.”

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வந்துகொண்டிருந்தது எஸ்ஓ-50. சவூதி அரேபியா செய்த சின்னப் பெட்டி. 2002 டிசம்பர் 20 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. கீழிருந்து ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், 145.850 மெகாஹெர்ட்ஸில் பேசுவதைக் கேட்டு, அதே நொடியில் 436.795 மெகாஹெர்ட்ஸில் திருப்பிச் சொல்லும். அதன் வேலை அவ்வளவுதான். வாங்குவதும் கொடுப்பதும் இப்படி வெவ்வேறு அலைவரிசையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே இடத்தில் வைத்தால் பெட்டியின் வாயே அதன் காதை அடைத்துவிடும்.

இப்படிப் பேச உரிமம் வேண்டும். மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வை எழுதித் தேறினால், வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம்.

எஸ்ஓ-50 கீழே அனுப்பும் ஒலிபரப்பின் திறன் 250 மில்லிவாட், அதாவது கால் வாட். பூஜை அறையில் ராத்திரி முழுக்க எரியும் எல்இடி ஜீரோ வாட்ஸ் பல்பு அரை வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி. அந்தப் பாதி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் என் இரும்பு டேப்புக்கு வந்து சேர்கிறது. ஆனால் அதே கையில் இருக்கும் 5 வாட் வாக்கி-டாக்கியில் தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பேசினால் சில நாள் கரகரப்புதான் மிஞ்சும்.

இந்த அலைவரிசைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். ஊருக்குள் பேசினால் குறுக்கே கட்டடம், மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிற்கும். அதையெல்லாம் தாண்டினாலும் கடைசியில் பூமியின் வளைவு. பத்து மீட்டர் உயர மாடியிலிருந்து அடிவானம் வெறும் 11 கிலோமீட்டர். 650 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ அடிவானம் 2,900 கிலோமீட்டரைத் தாண்டும். நடுவில் இருப்பது கொஞ்சம் காற்றும் நிறைய வெற்றிடமும்தான். தூரம் கூடக் கூட சிக்னல் மெலிந்துகொண்டே போவது உண்மைதான், ஆனால் மறைக்க எதுவும் இல்லாதபோது மெலிந்தது போதுமானதாக இருக்கிறது. செயற்கைக்கோளில் பேசுவதென்றால் தூரம்தான் பெரிய சிக்கல் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். சிக்கல் தூரத்தில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது.

அந்த உயரத்தில் சுற்றுவது எதுவானாலும் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். திருச்சியிலிருந்து சென்னைக்கு முக்கால் நிமிடம்கூட ஆகாது. அதனால் ஒரு பாஸ், அதாவது செயற்கைக்கோள் ஒரு பக்க அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறையும் நேரம், பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று போனில் ஒரு செயலி சொல்லிவிடும். அதற்கப்புறம் எல்லாம் நம் கையில்.

முதல் தொல்லை டாப்ளர். கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் நொடிக்கு ஒரு கல் வீசுகிறார். பிடிப்பவர் கைக்கும் நொடிக்கு ஒன்றுதான் வரும். வீசுபவர் நடந்து நெருங்கிக்கொண்டே வீசினால்? ஒவ்வொரு கல்லுக்கும் முந்தைய கல்லைவிடக் குறைந்த தூரம். நொடி முடிவதற்குள் அடுத்த கல் வந்து விழும். விலகிக்கொண்டே வீசினால் தாமதமாகும். அவர் கை வேகம் மாறவே இல்லை, பிடிப்பவர் கணக்கு மட்டும் மாறுகிறது. ரேடியோ அலையின் முகடுகளுக்கும் இதே கதிதான்.

செயற்கைக்கோளின் வேகம் ஒளியின் வேகத்தில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் 436 மெகாஹெர்ட்ஸில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 11 கிலோஹெர்ட்ஸ். அது நம்மை நோக்கி நேராக வராமல் சாய்வாக வருவதால் கொஞ்சம் குறைந்து 10 ஆகிறது. பாஸின் தொடக்கத்தில் 436.805-இல் கேட்கும் குரல், தலைக்கு மேல் வரும்போது 436.795-க்கு இறங்கி, மறையும்போது 436.785-இல் இருக்கும். ஒரே இடத்தில் வைத்துவிட்டு நின்றால் நடுவில் ஓரிரு நிமிடம்தான் தெளிவாகக் கேட்கும். அதனால் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து இடங்களை நினைவகத்தில் போட்டு வைத்துக்கொண்டு, குரல் கரகரக்கும்போது ஒரு படி இறக்குவோம். நாம் மேலே அனுப்பும் 145-க்கு இந்தக் கவலை இல்லை. அலைவரிசை மூன்றில் ஒரு பங்கு என்பதால் நகர்வும் மூன்றில் ஒரு பங்கு. எஃப்எம் ரிசீவர் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது தொல்லை எனக்குப் பிடித்தமானது. தூர்தர்ஷன் காலத்தில், கடலோர ஊர்களில் ரூபவாஹினிக்காகவும், வீட்டுக்கு ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து “வருது… வருது… போச்சு!” என்று குரல் வருமே, அதை இங்கே ஒரே ஆள் செய்ய வேண்டும். ஆன்டெனா முள் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்தில் அதிரும் அலையைத்தான் நன்றாக வாங்கும். மேலே இருக்கும் பெட்டியோ உருண்டுகொண்டே போகிறது; அதோடு அலையின் தளமும் சாய்ந்துகொண்டே இருக்கும். திசை சரி, அலைவரிசையும் சரி, ஆனாலும் குரல் அமுங்குகிறது என்றால், மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பினால் போதும், திரையை விலக்கியது போல இரைச்சல் விலகிக் குரல் வந்து நிற்கும். இதைக் கணக்குப் போட்டெல்லாம் செய்ய முடியாது. நாலு பாஸ் பார்த்தால் கை தானாகத் திருப்பும்.

அப்புறம் சாவி. எஸ்ஓ-50 சும்மா இருக்கும்போது ஒலிபரப்பை அணைத்து வைத்துக்கொள்ளும். 74.4 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ரீங்காரத்தை இரண்டு நொடி அனுப்பினால் பத்து நிமிடம் விழித்திருக்கும். ஃபிளாட் மாடிப்படியில் பொத்தானை அமுக்கினால் எரிந்து தானே அணையும் விளக்கு போல. அதன்பின் பேசும்போது குரலுக்கு அடியில் 67 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஓட வேண்டும். இல்லையென்றால் பெட்டி நம்மைக் கண்டுகொள்ளாது. எங்கிருந்தோ வரும் இரைச்சலுக்கெல்லாம் பேட்டரியை வீணாக்காமல் இருக்க இந்தக் காவல்.

அன்று நடந்த உரையாடல் முழுவதும் இவ்வளவுதான். என் அழைப்புக்குறியைச் சொல்லி, “எம்கே90” என்றேன். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கும் முகவரியில் திருச்சி இருக்கும் கட்டம் அது. பதில் வந்தது: “ஐந்து ஒன்பது, எம்எல்88.” ஐந்து ஒன்பது என்றால் குரல் தெளிவாக, பலமாக வருகிறது என்று பொருள். எம்எல்88 டில்லி இருக்கும் கட்டம். “நன்றி, 73” என்றேன். 73 என்றால் ஹாம் மொழியில் வாழ்த்துகள். பத்து நொடிகூட ஆகவில்லை. நலமா, சாப்பிட்டாச்சா என்று கேட்க நேரமில்லை. ஏனென்றால் இந்த மாதிரி செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் வலுத்த குரல் பிழைக்கும், மற்றது காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை பாஸில் டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி நெரிசல்.

இந்த நெரிசலுக்கு நல்ல மாற்று ஒன்று நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே போனது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் ஏறிய ஹாம்சாட். 42.5 கிலோ எடை. ஹாம் உலகம் அதை விஓ-52 என்று அழைத்தது. இஸ்ரோ ஹாம்களுக்கென்றே செய்து கொடுத்தது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில், அதாவது வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில், ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது.

அது எஃப்எம் பெட்டி போல ஒரு குரலை வாங்கித் திருப்பிச் சொல்லவில்லை. 435.220 முதல் 435.280 வரை 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் என்னென்ன வருகிறதோ அத்தனையையும் அப்படியே அள்ளி 145.9 மெகாஹெர்ட்ஸ் அருகே இறக்கியது. எஸ்எஸ்பி என்ற சிக்கனமான ஒலிபரப்பு முறையில் ஒரு குரலுக்கு 3 கிலோஹெர்ட்ஸ்கூட வேண்டாம் என்பதால் பல உரையாடல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இறக்கும்போது கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டி இறக்கியதுதான் சாமர்த்தியம். ஏறும்போது அந்த அகலத்தின் கீழ்க்கோடியில் இருந்த குரல், இறங்கும்போது மேல்கோடியில் கேட்கும். ஏன் இந்தத் தலைகீழ்? செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது நாம் அனுப்புவது 10 கிலோஹெர்ட்ஸ் ஏறிப் போய்ச் சேர்கிறது. அது புரட்டப்படும்போது 10 இறக்கமாகிறது. கீழே வரும் வழியில் டாப்ளர் மறுபடி 3 ஏற்றுகிறது. புரட்டாமல் விட்டால் மொத்தம் 13 நகரும்; புரட்டியதால் 7-இல் நின்றது. ஒரு தொல்லையைக் கொண்டே இன்னொரு தொல்லையைக் கழிக்கும் கணக்கு. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காதது இது.

இந்த வகைச் செயற்கைக்கோளில் ஒரு மரியாதையும் உண்டு. அது கீழே அனுப்பும் திறன் எல்லோருக்கும் பொது. ஒருவர் தேவைக்கு மேல் பலமாக அனுப்பினால் அவர் குரலைத் தூக்கவே பெரும் பங்கு போய்விடும், மற்றவர்கள் மெலிந்துபோவார்கள். பந்தியில் ஒருவர் சாம்பார் வாளியைத் தன் இலையில் கவிழ்த்துக்கொள்வது போல. தன் குரல் திரும்பி வருவதைக் காதில் கேட்டுக்கொண்டே, கேட்கும் அளவுக்கு மட்டும் அனுப்புவதுதான் நாகரிகம்.

ஹாம்சாட் ஒன்பது ஆண்டு உழைத்து 2014 ஜூலையில் பேட்டரி பழுதாகி ஓய்ந்தது. சிறு செயற்கைக்கோள்கள் பலவற்றுக்கும் இதே முடிவுதான். பூமி நிழலுக்குள் போகும்போதெல்லாம் பேட்டரி கொடுக்க வேண்டும், வெயிலுக்கு வந்ததும் நிறைய வேண்டும். ஒரு நாளைக்கு 14, 15 முறை. எந்த பேட்டரி தாங்கும்?

பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஓடாமல் நிற்கும் செயற்கைக்கோளும் ஹாம்களுக்கு இருக்கிறது. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெய்ல்-2, கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில், நமக்கு மேற்கு வானத்தில் தாழ்வாக நிற்கிறது. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதற்குத் தெரியும். டிடிஎச் டிஷ் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி இறுக்கிவிட்டால் நாள் முழுக்கப் பேசலாம். டாப்ளர் இல்லை, மணிக்கட்டு வேலை இல்லை, ஓடிப்போகுமே என்ற பதைப்பும் இல்லை. பேசிப் பார்த்தேன், வசதிதான். மொட்டை மாடிக்குப் போகும் காரணம்தான் போய்விட்டது.

அதே நவம்பர் 15-இல், ஆனால் 1974-இல், ஏவப்பட்டது ஏஓ-7 என்ற இன்னொரு ஹாம் செயற்கைக்கோள். அமெரிக்காவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து போனது, சுமார் 1,450 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 1981-இல் அதன் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆனது. சூரியத் தகடுகள் கொடுத்த மின்சாரம் முழுவதும் அந்த ஷார்ட் வழியே ஓடி வீணானது. ரேடியோவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடியில் பெரிய ஓட்டை விழுந்த தொட்டி மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் குழாய்க்கு ஏறாது. செத்தது என்று எழுதிவிட்டார்கள்.

2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஒருவர் யாருடையது என்று தெரியாத ஒரு மோர்ஸ் ஒலியைக் கேட்டார். ஏஓ-7. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு. ஷார்ட் ஆன பேட்டரி இன்னும் கெட்டுப்போய், உள் இணைப்பே அறுந்துவிட்டது. ஓட்டை தானாக அடைபட்டது. பேட்டரி என்ற ஒன்றே இல்லாதது போல, தகடுகளின் மின்சாரம் நேராக ரேடியோவுக்குப் போகிறது. வெயில் இருக்கும்வரை உயிர். நிழலில் நுழைந்த நொடியில் அணையும். மறுபடி வெயில் பட்டதும் எழும். முதல் பழுதை இரண்டாவது பழுது சரிசெய்தது.

அதன் மோர்ஸ் செய்தி “HI HI” என்ற எழுத்துகளில் தொடங்கும். நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. ஹாம்களின் சங்கேதத்தில் அது சிரிப்பு. 1961 டிசம்பர் 12 அன்று, ஸ்புட்னிக் போய் நாலே ஆண்டில், கலிபோர்னியா ஹாம்கள் செய்து அனுப்பிய நாலரைக் கிலோ ஆஸ்கார்-1 சொன்னதும் இதைத்தான். 140 மில்லிவாட்டில் மூன்று வாரம் அது வேறெதுவும் சொல்லவில்லை. பெட்டிக்குள் வெப்பம் மாறினால் சிரிக்கும் வேகம் மாறும்; அந்த வேகத்தை எண்ணித்தான் கீழே இருந்தவர்கள் உள்ளே எவ்வளவு சூடு என்று கண்டுபிடித்தார்கள். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டுக் குறித்து அனுப்பினார்கள்.

போன வாரம் ஏஓ-7-க்காக மாடிக்குப் போனேன். இரவு எட்டரை இருக்கும். மடிக்கணினியில் செருகிய சின்ன ரேடியோ டாங்கிளோடு அதே இரும்பு டேப் ஆன்டெனா. 145.97 அருகே இரைச்சலுக்கு அடியில் ஊசி முனை மாதிரி ஒரு கோடு திரையில் எழுந்து, டாப்ளரில் மெல்லச் சரிந்துகொண்டே வந்தது. ஹெட்போனில் நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. மறுபடி நான்கு, இரண்டு. அப்புறம் எண்கள், மூன்று மூன்று இலக்கமாக. பென்சிலில் குறித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது எண்ணில் இரண்டு இலக்கம் வந்தது. மூன்றாவது வரவில்லை. திரையில் கோடு கத்தரித்தது போல நின்றிருந்தது. மேலே நிழல் தொடங்கிவிட்டது.