ரேஷன் அட்டை மாநில எல்லை தாண்டுமா?

தாண்டும். ஆனால் எல்லா அட்டையும் தாண்டாது. விளம்பரப் பலகையில் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாவது பாதியைக் கடை வாசலில் வைத்துத்தான் சொல்கிறார்கள். சில சமயம் அங்கேயும் சொல்வதில்லை.

ஒசூரில் ஒரு ரேஷன் கடை வரிசையில் ஒருவரைப் பார்த்தேன். கையில் இரண்டு காலிப் பைகள். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். மாதம் ஒருமுறை அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஏறி வந்து அரிசி வாங்கிப் போகிறார். அங்கேயே வாங்கலாமே என்றேன். "மூணு கடை ஏறி எறங்கிட்டேன் சார். இந்த கார்டு இங்க வராதுன்னுட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல." அட்டையை வாங்கிப் பார்த்தேன். என்.பி.எச்.எச். என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. முன்னுரிமை இல்லாத குடும்பம் என்று பொருள். காரணம் அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. மூன்று கடைகளில் ஒருவர்கூட அந்த எழுத்தைக் காட்டி விளக்கவில்லை. ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம் எல்லாம் கழித்தால் அந்த அரிசி அவருக்கு இலவசமே இல்லை.

பின்னணி சுருக்கமாக. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், மிக வறிய அந்தியோதயா குடும்பங்களுக்கு அட்டைக்கு 35 கிலோ. ஒரு மாநில அட்டையை வைத்து இன்னொரு மாநிலத்தில் வாங்க வழி செய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கடைசியாக 2022 ஜூனில் அசாம் வந்தது. பின்னணி இவ்வளவு போதும். சிக்கலெல்லாம் கடை கவுண்டரில்தான்.

முதலில் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்று இருந்தால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை. வேறு மாநிலத்தில் செல்லும். முன்னால் ஓர் 'என்' சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால் செல்லாது. அதோடு எஸ், என்.சி. என்று வால் முளைத்த வகைகளும் அப்படித்தான். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு என்பதால் ஊரில் இருக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை. என்.பி.எச்.எச். அட்டைக்கும் அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, பாமாயில் வருகிறது. ஆனால் அந்த அரிசியை மாநில அரசு தன் பொறுப்பில் தருகிறது. கர்நாடகமோ கேரளமோ அந்தக் கணக்கைத் தூக்கிச் சுமக்காது. எல்லையைத் தாண்டிய மறுநிமிடம் அந்த அட்டை வெறும் முகவரிச் சான்றாகிவிடுகிறது.

கேரளத்திலிருந்து வருபவர்களுக்குச் சொல்வது சுலபம்: மஞ்சளும் இளஞ்சிவப்பும் செல்லும், நீலமும் வெள்ளையும் செல்லாது. மற்ற மாநிலங்களில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மகாராஷ்டிரத்தில் ஒரே காவி நிற அட்டையில் இரண்டு வகைக் குடும்பங்களும் உண்டு. மத்திய அரசின் 'மேரா ராஷன்' செயலியில் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்தால், மத்தியச் சட்டப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள். போன பிறகு பார்த்து ஆவது ஒன்றுமில்லை.

ஒரு ஆறுதல். என்.பி.எச்.எச். அட்டைக்காரர்கள் தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். ஒசூர்க்காரர் செய்வது அதைத்தான். தருமபுரி வரை போகாமல் எல்லைக்கு இந்தப் பக்கம் முதலில் கிடைக்கும் கடைக்கு வருகிறார்.

அடுத்தது, அதிகம் பேர் விழும் குழி. அட்டை செல்லும் வகைதான், ஆதார் இணைத்தாயிற்று, கைரேகையும் விழுகிறது. ஆனாலும் மெஷின் "இந்த மாதம் வாங்கியாகிவிட்டது" என்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை ஆரம்பிக்கும். பல நேரங்களில் அவர் மேல் தப்பே இருக்காது. ஊரில் அம்மாவோ மனைவியோ மாத முதல் வாரத்திலேயே போய் ரேகை வைத்திருப்பார்கள். ஊர்க் கடைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் அட்டையிலிருக்கும் எல்லோருடைய பங்குக்கும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டிருப்பார். இருப்பு ஒன்றுதான். அங்கே எடுத்தால் இங்கே இல்லை.

இதற்கு விண்ணப்பம், படிவம் எதுவும் கிடையாது. ஒரு போன் போதும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் இரண்டு பேர் வெளியூரில் என்றால், ஊரில் 15 கிலோவுக்கு மட்டும் பில் போடச் சொல்ல வேண்டும். "மொத்தமா போட்டாத்தான் மெஷின் எடுக்கும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பங்கு பிரித்து இரண்டு இடத்தில் வாங்குவதற்காகத்தான் இந்தத் திட்டமே. ஊரில் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்றால், நீங்கள் வெளியூரில் மாதத் தொடக்கத்திலேயே முந்திக்கொண்டு உங்கள் தலைக்குரியதை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் பங்கை மட்டும் என்பதை மறக்க வேண்டாம். வேகத்தில் முழுவதையும் எடுத்துவிட்டால் ஊரில் அம்மா வெறும் பையோடு திரும்புவார். அந்தச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ண எந்த அலுவலரும் இல்லை.

அப்புறம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிக் கிடைப்பது தானியம் மட்டும். தமிழ்நாட்டு அட்டையோடு பெங்களூர் போனால் சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் கிடையாது. அங்கே மாநில அரசு தன் மக்களுக்குக் கூடுதலாகத் தருவதும் உங்களுக்கு இல்லை. பீகாரிலிருந்து திருப்பூர் வந்தவர் கோதுமை கேட்டால் பெரும்பாலும் அரிசிதான் இருக்கும். எந்த மாநிலத்தில் நிற்கிறீர்களோ அந்தக் கடையில் இருக்கும் தானியம்தான். காசு கொடுக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் மத்தியப் பங்கு முழுக்க இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். கிலோவுக்கு மூன்று ரூபாய் என்று யாராவது கேட்டால் அது பழைய கணக்கு.

'ஒரே நாடு ஒரே கார்டு எடுத்துத் தருகிறோம்' என்று பிரவுசிங் சென்டர்களில் காசு வாங்குகிறார்கள். அப்படித் தனியாக ஒரு கார்டே கிடையாது. பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்றுகூட இல்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ, கூடவே ரேகை வைக்க ஒரு விரலும் இருந்தால் போதும். குடும்பத் தலைவர்தான் வர வேண்டும் என்பதும் பொய். அட்டையில் பெயரும் ஆதாரும் சேர்ந்துள்ள யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

விரல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த விரல்தான் பிரச்சினை. சிமெண்ட் பிசைகிறவர், சாயப்பட்டறையில் நிற்கிறவர் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். மெஷின் மூன்று முறை முயன்று கைவிட்டதும் "ஆதார் அப்டேட் பண்ணிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். போகும் முன் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பத்தில் ஒன்று விழும். கருவிழிக் கருவி உள்ள கடை என்றால் அதைக் கேளுங்கள், அவர்களாக எடுத்து வைக்க மாட்டார்கள். அதுவும் முடியாவிட்டால்தான் ஆதார் மையம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று இ-கேஒய்சி. அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவரும் நேரில் ரேகை வைத்து உறுதி செய்ய வேண்டும். அதற்காக ராஞ்சியிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் "உடனே ஊருக்கு வா, இல்லாட்டி பெயர் போயிரும்" என்று போன் வருகிறது. பதறி டிக்கெட் எடுக்கிறார்கள், சம்பளத்தை விடுகிறார்கள். தேவையே இல்லை. இருக்கும் இடத்திலுள்ள ரேஷன் கடையிலேயே அதை முடிக்கலாம். கடைக்காரர் தெரியாது என்பார். தெரிந்த அடுத்த கடைக்குப் போங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2025-இல் விதியைத் திருத்தி, ஆறு மாதம் எதுவும் வாங்காத அட்டையை முடக்கிவைத்து விசாரிக்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். வெளியூர் போனவர் அட்டைதான் முதலில் தூங்கும். தனியாளாக அட்டை வைத்திருப்பவர்கள் அரிசி தேவையோ இல்லையோ, இடையிடையே ஒரு பில்லாவது போட்டு வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. ஒசூரில் பார்த்தவர் கிளம்பும்போது கேட்டார்: "பேசாம இந்த கார்ட ஒப்படைச்சிட்டு பெங்களூர்லயே புதுசா எடுத்துரலாமா சார்?" வேண்டாம் என்றேன். அவருக்கு மட்டுமில்லை, யாருக்கும் அவசரப்பட்டு அதைச் சொல்ல மாட்டேன்.

புது மாநிலத்தில் அட்டை கேட்டால் முதலில் பழைய ஊரில் பெயரை நீக்கிச் சான்று கொண்டு வரச் சொல்வார்கள். நியாயம்தான், ஒருவருக்கு இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. நீக்குவது சுலபம்; சேர்ப்பதற்குத்தான் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை பேரை மத்தியச் சட்டத்தின் கீழ் சேர்க்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த எண் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. இடையில் பிறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள் எல்லோரும் "ஒதுக்கீடு நிரம்பிவிட்டது" என்ற ஒற்றை வாக்கியத்தின் முன்னால் நிற்கிறார்கள். பழைய அட்டையும் போய், புதியதும் வராமல், இரண்டு மாநிலத்துக்கும் ஆளில்லாமல் போன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்கு மேல் அலைந்தார்கள். அதுவரை வெளிச்சந்தை விலைக்குத்தான் அரிசி.

ஆகவே முன்னுரிமை அட்டை கையில் இருந்தால் அதை விடாதீர்கள்; அதை வைத்தே எங்கும் வாங்கலாம். கல்யாணமாகி வேறு மாநிலம் போகும் பெண்ணுக்குத்தான் பெயர் நீக்கம் தவிர்க்க முடியாது. அவர்களும் புகுந்த வீட்டு அட்டையில் இடம் உண்டா என்று அங்குள்ள வழங்கல் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் நீக்கச் சொல்லுங்கள். நீக்கல் சான்றை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஆன்லைனிலேயே தெரியும்" என்பதை நம்பி வெறுங்கையோடு போனால், அந்த மாநிலக் கணினியில் அது தெரியாது என்பார்கள்.

கடைசியாக, கடைக்காரர் மறுத்தால். "சரக்கு இல்ல, வெளி கார்டுக்கு ஒதுக்கீடு வரல, அடுத்த மாசம் வா" என்பதுதான் வழக்கமான பதில். சில நேரம் உண்மையும்கூட. கூடுதல் ஆட்களுக்கு அரிசி அனுப்பாமல் கடைக்காரரை நடுவில் நிறுத்தியிருப்பார்கள். அது அவருக்கும் மேலிடத்துக்கும் உள்ள கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எண்ணை மெஷினில் போட்டுப் பாருங்கள், என்ன வருகிறது என்று காட்டுங்கள். மெஷினில் போடாமலே இல்லை என்று சொன்னால் அது மறுப்பு. போட்டு அது தள்ளினால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் அதில் இருக்கும். வேறு மாநில அட்டைக்குப் பில் போடத் தெரியாத விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கத்திப் பயனில்லை. பக்கத்துக் கடையில் யாராவது போட்டுத் தருவார்கள். அந்தக் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புகாருக்கு 14445 என்ற இலவச எண் இந்தத் திட்டத்துக்கானது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 1967 அல்லது 1800 425 5901. போன் போடும் முன் கடைப் பலகையில் உள்ள கடை எண், தேதி, நேரம், அட்டை எண் நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "திருப்பூர்ல ஒரு கடை" என்று சொன்னால் புகார் அங்கேயே செத்துவிடும். புகார் எண் கேட்டு வாங்குங்கள். தாலுகா அளவில், பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். வட்ட வழங்கல் அலுவலரை நேரில் பிடிக்க அதுதான் சரியான நாள். மற்ற நாளில் "சார் மீட்டிங்"கில் இருப்பார். அதற்கும் மேலே மாவட்டக் குறைதீர் அலுவலர், மாநில உணவு ஆணையம் என்று சட்டம் ஏணி போட்டு வைத்திருக்கிறது.

அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில், உரிய தானியம் தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதை வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தாலும் புகார் மனுவில் அந்தப் பிரிவை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அதைப் பார்த்ததும் கிளார்க் மனுவை இன்னொரு முறை படிப்பார்.