ஒரு குமிழ், 128 படிகள், ஒரு பெரிய திரை

மின்னணு இசை நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான எல்.இ.டி. திரை இருக்கும். பேஸ் அதிரும்போது வட்டங்கள் விரியும், பாட்டு அடங்கும்போது நிறம் மெல்ல வடியும். எல்லாம் முன்பே செய்து வைத்த வீடியோ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல மேடைகளில் அது உண்மையும்கூட. ஆனால் இசைக்கேற்பத் திரைப் படங்களை அங்கேயே இயக்கும் விஜே என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவருடைய லேப்டாப்புக்குப் பக்கத்தில் குமிழ்களும் ஸ்லைடர்களும் பதித்த ஒரு சின்னப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். அவர் விரல் ஒரு குமிழைத் திருப்பும், திரையில் படம் உருகும். அந்தப் பெட்டிதான் மிடி கன்ட்ரோலர்.

வேடிக்கை என்னவென்றால், மிடி படத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் சின்தசைசருக்கு (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) இன்னொரு கம்பெனியின் சின்தசைசரோடு பேசத் தெரியாது. அமெரிக்காவில் சின்தசைசர் செய்துகொண்டிருந்த டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ ககெஹாஷியும் எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று முனைந்தார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இருவருடைய கீபோர்டுகளையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். 2013-இல் இருவருக்கும் கிராமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அந்தக் கம்பியில் ஒலி ஓடுவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஸ, ரி, க, ம என்று எழுதிய தாளை நினைத்துக்கொள்ளுங்கள். தாளில் சத்தம் கிடையாது. அதைப் பார்த்து ஒருவர் பாடலாம், ஒருவர் நாகஸ்வரத்தில் வாசிக்கலாம். இன்னொருவர் 'ஸ என்றால் சிவப்பு விளக்கு' என்று முடிவு செய்துகொண்டால், விளக்கும் போடலாம். மிடியும் அப்படித்தான். கம்பியில் போவது வெறும் எண்கள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்பதை மறுமுனை தீர்மானிக்கிறது.

முதல் வரிசைக் குமிழ் ஒன்றைப் பாதி திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குமிழுக்கு அடியில் இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே மாறும் மின்தடை. திருப்பத் திருப்ப மின்னழுத்தம் மாறும், உள்ளேயிருக்கும் சிப் அதை எண்ணாக மாற்றி அனுப்பும். கோர்க் நிறுவனத்தின் நானோகன்ட்ரோல் 2 போன்ற பெட்டியிலிருந்து வருவது 176, 16, 64 என்ற மூன்று எண்கள். 176 என்றால் 'முதல் சேனலில் ஏதோ ஒரு குமிழ் அசைந்தது'. 16 எந்தக் குமிழ் என்பதற்கு. 64 அது இப்போது நிற்கும் இடம். அவ்வளவுதான் செய்தி.

ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட், அதாவது 8 பிட். முதல் பிட் 1 ஆக இருந்தால் அது கட்டளை, 0 ஆக இருந்தால் அது மதிப்பு. அடையாளத்துக்கு ஒரு பிட் போய்விட்டதால் மதிப்புக்கு மிஞ்சுவது 7 பிட்தான். அதில் 0 முதல் 127 வரை, ஆக 128 படிகள். பியானோவின் 88 கட்டைகளுக்கு அது தாராளம். படத்துக்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் ஒரு வட்டத்தை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஒரே குமிழால் நகர்த்தினால், ஒவ்வொரு படிக்கும் 15 பிக்சல் தாவும். பிக்சல்கள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பதித்த திரை என்றால் ஒரு தாவல் 6 சென்டிமீட்டர். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் அந்த வெட்டு தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கம்ப்யூட்டர்தான் திணறுகிறது என்று நினைத்து மெமரி வாங்கிப் போடுவதுண்டு. பாவம் கம்ப்யூட்டர்!

இதற்கு மருந்து மென்பொருளில் இருக்கிறது. புதிய எண் வந்ததும் படத்தை அங்கே ஒரே தாவாகத் தாவவிடாமல், ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை காட்டும் ஒவ்வொரு புதிய படத்திலும், மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துவார்கள். 64-இலிருந்து 74-க்குப் போக வேண்டுமானால் முதலில் 65, அப்புறம் 65.9, அப்புறம் 66.71. போகப்போக வேகம் குறைந்து, ஊஞ்சல் அடங்குவது போலப் போய் நிற்கும். பார்க்க அழகு. ஆனால் எல்லாவற்றுக்கும் இதைப் போட்டால் கை முன்னே போக, படம் பின்னே இழுபடும். தாளத்துக்குச் சரியாக வெட்ட வேண்டிய ஃபிளாஷுக்கு இது ஆகவே ஆகாது. என்னைக் கேட்டால், இதைவிட எளிய வழி எல்லையைக் குறுக்குவது. படத்தை 360 டிகிரி சுழற்றும் குமிழில் ஒரு படி என்பது கிட்டத்தட்ட 3 டிகிரி. அதே குமிழை 45 டிகிரிக்கு மட்டும் என்று கட்டிவைத்தால் ஒரு படி 0.35 டிகிரிதான். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. 2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0-இல் குமிழ் மதிப்புக்கு 32 பிட் உண்டு, அதாவது சுமார் 429 கோடி படிகள். ஆனால் பழைய 128 படிகளோடு வேலை செய்யும் பெட்டிகள் இன்னும் ஏராளம்.

மிடி மெதுவானது என்றும் ஒரு பேச்சு உண்டு. பழைய ஐந்து முள் கம்பியில்கூட வினாடிக்கு 31,250 பிட் போகும். தொடக்க, முடிவு அடையாளங்களைச் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், மூன்று பைட்டுக்கு 30. ஒரு குமிழ்ச் செய்தி போய்ச் சேர ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. திரையோ வினாடிக்கு 60 ஃபிரேம் என்றாலும் 16.7 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் புதிய படம் காட்டும்.

சரி, எந்தக் குமிழ் எதை மாற்றும் என்று யார் சொல்வது? ரெசலூம், டச்டிசைனர் போன்ற, விஜேக்கள் படத்தை இயக்கும் மென்பொருள்களில் 'இந்த நிறம்' என்று தேர்ந்து, 'இந்தக் குமிழ்' என்று அதை ஒரு முறை அசைத்துக் காட்டினால் போதும், முடிச்சுப் போட்டுவிடலாம்.

சிக்கல் பாட்டு மாறும்போது வரும். போன பாட்டில் வெளிச்சக் குமிழ் 100-இல் நின்றது. புதிய பாட்டின் காட்சி 20-இல் தொடங்குகிறது. கை குமிழை லேசாகத் தொட்டாலே திரை பளீரென்று 100-க்குத் தாவும். அதனால் குமிழ் 20-ஐக் கடக்கும்வரை அதன் பேச்சைக் கேட்காமல் இருக்கும்படி மென்பொருளில் அமைத்துவைப்பார்கள். இல்லையென்றால் முடிவில்லாமல் சுழலும் குமிழை வாங்குவார்கள். அது தான் நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை. 'ஒரு படி கூட்டு', 'ஒரு படி குறை' என்று மட்டுமே சொல்லும்.

தாளத்துக்கும் மிடியில் வழி இருக்கிறது. ஒரு தாள அடிக்கு 24 துடிப்பு வீதம் கருவி அனுப்பிக்கொண்டே இருக்கும், படம் அதைப் பிடித்துக்கொண்டு ஆடும். டிரம்ஸ்காரர் கையால் வாசிக்கும் மேடையில் அந்தத் துடிப்பை அனுப்ப ஆள் கிடையாது. அங்கே விஜே காதால் கேட்டு ஒரு பட்டனை நான்கு முறை தட்டுவார். தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியின் சராசரியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கடைசிப் பாட்டில் டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் வேகம் கூட்டினால், மறுபடியும் நான்கு தட்டு.