எண்ணெய் ஊறிய ஏர் ஃபில்டரும் உப்புத் தண்ணீரும்

போன ஆடி மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) தன் பெட்ரோல் காரை உச்சிப்புளியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "சமதளத்துல நல்லா ஓடுது தம்பி. பாம்பன் பாலம் ஏறும்போதுதான் இழுக்க மாட்டேங்குது" என்றார். செக் என்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரை மாட்டினேன். பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தது. உள்ளே வரும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் என்ஜின் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம், இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. நல்ல வண்டியில் அது பத்துக்குள் நிற்கும். இதற்கு முன்பே வேறோர் இடத்தில் ஃப்யூயல் பம்ப்பை மாற்றி, இன்ஜெக்டரையும் சுத்தம் செய்து நிறையச் செலவழித்திருந்தார்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். மகன் துபாயிலிருந்து வாங்கிவந்த காட்டன் ஃபில்டர். தொட்டால் விரலெல்லாம் சிவப்பு எண்ணெய். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்க கழுவி நல்லா எண்ணெய் அடிச்சிருவேன்" என்றார். எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார். அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேப்பர் ஃபில்டரில் தாளின் நுண்ணிய துளைகளே தூசியைத் தடுக்கும். காட்டன் ஃபில்டரில் கம்பி வலைகளுக்கு நடுவே சில அடுக்குப் பஞ்சுத் துணிதான் இருக்கிறது. அதன் இழைகளுக்கு இடையில் இடைவெளி அதிகம். தூசியைப் பிடித்து நிறுத்துவது அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய். எண்ணெய் குறைந்தால் மணல் என்ஜினுக்குள் போகும். கூடினால், என்ஜின் காற்றை இழுக்கும் வேகத்தில் எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து குழாய்க்குள் போகும். அங்கே முதலில் எதிர்ப்படுவது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். நாங்கள் மேஃப் என்போம்.

அதற்குள் தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியோ மெல்லிய தகடோ இருக்கும். மின்சாரம் அதைச் சூடாகவே வைத்திருக்கும். கடந்துபோகும் காற்று அதைக் குளிரவைக்கும். பழைய சூட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்ற கணக்கு கிடைக்கிறது. கம்பியில் எண்ணெய் படிந்து, அதன்மேல் தூசியும் ஒட்டிக்கொண்டால் போர்வை போர்த்திய மாதிரிதான். காற்று வேகமாக அடித்தாலும் கம்பி சரியாகக் குளிராது. வரும் காற்றைவிடக் குறைவாகவே சென்சார் சொல்லும். என்ஜின் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாலம் ஏறும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

எல்லாக் கார்களிலும் மேஃப் இருக்காது. சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டின், அதாவது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயின், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். உங்கள் வண்டியில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மூடியான த்ராட்டிலில் எண்ணெய் தெரிந்தால் உடனே ஃபில்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் என்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் ப்ரீதர் குழாய், மேஃபைத் தாண்டித்தான் காற்றுக் குழாயில் சேர்கிறது. அந்த எண்ணெய் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

இனி கழுவும் விஷயம். நம் பக்கத்தில் தவறு நடப்பது அதிகம் இங்கேதான். பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஓரத்து ரப்பர் கெட்டு, பெட்டியில் சரியாக உட்காராது. ஃபில்டருக்கென்றே விற்கும் கிளீனரை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெதுவாக வரும் தண்ணீரில் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக அலசுங்கள். மாறி அலசினால் தூசி பஞ்சுக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

ஆனால் எந்தத் தண்ணீர்? மண்டபம், உச்சிப்புளி, ஏர்வாடிப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் அலசினால் காய்ந்த பிறகும் உப்பு பஞ்சிலேயே தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் அது அன்றாடம் நடப்பது. ஈரமான இடத்தில் எண்ணெய் ஊறாது, கம்பி வலையும் அரித்துப்போகும். ஒரு குடம் நல்ல தண்ணீர் இங்கே எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

காயவைக்க அவசரப்படாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஒரு ஃபில்டரின் பஞ்சைக் கிழித்திருக்கிறேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவைத்தால் போதும். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதுவரை பழைய பேப்பர் ஃபில்டரைப் போட்டு ஓட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

எண்ணெயும் ஃபில்டருக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே ஒரு கோடு. இருபது நிமிடத்தில் அது தானாகப் பரவும். வெளுப்பாகத் தெரிகிற இடத்தில் மட்டும் இன்னொரு தொடுதல். அதன் பிறகு இரவு முழுக்க வெள்ளைத் தாளின் மேல் நிறுத்திவைப்பது என் வழக்கம். காலையில் தாளில் எண்ணெய்க் கறை பரந்திருந்தால் அந்த ஃபில்டரை வண்டியில் மாட்ட மாட்டேன். மாட்டும்போது பெட்டியின் கிளிப்புகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் மணல் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும்.

சென்சாரில் எண்ணெய் படிந்துவிட்டால் மேஃப் கிளீனர் என்றே தனி ஸ்ப்ரே இருக்கிறது. என்ஜின் ஆறிய பிறகு கழற்றி, தொடாமல் அடித்து, முழுக்கக் காயவிட்டு மாட்டினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர், காது குடையும் பஞ்சு எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

2017இல் தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, ராமேஸ்வரத்து டாக்ஸித் தம்பிகள் தினமும் தனுஷ்கோடி போய்வருகிறார்கள். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் பொடிமணல் சாலையை மூடுகிறது. பவர் கூடும், மைலேஜ் கூடும் என்று சொல்லி அவர்களிடம் காட்டன் ஃபில்டரை விற்கிறார்கள். சாதாரண வண்டியில் அப்படி வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, கம்பெனி பேப்பர் ஃபில்டரைப் போட்டு, குறித்த கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள் என்பதுதான்.

காக்காவின் சென்சாரைச் சுத்தம் செய்து, பிழைக் குறியீட்டை அழித்து, பேப்பர் ஃபில்டரை மாட்டி அனுப்பினேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தபோது ட்ரிம் நான்கில் நின்றது. "துபாய் ஃபில்டரை என்ன பண்ண?" என்று கேட்டார். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். எண்ணெய் மட்டும் அடிக்கவில்லை.