வேலையின்மையே வேலையின்மையை வளர்க்கும் விதம்

"நாலு வருசமா சும்மா நிண்ட பொடியனை எப்படி எடுக்கிறது?" மட்டக்களப்பில் ஆள் எடுக்கிற இடங்களில் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. பழியைப் பொடியன்மீது போடுகிறது. உண்மையில் அந்த நாலு வருசமே அவனுடைய அடுத்த நாலு வருசத்துக்கும் காரணமாகிவிடுகிறது.

பொருளியலாளர்கள் இதை ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். பௌதிகத்திலிருந்து வந்த சொல். காந்தப்புலத்தை எடுத்த பிறகும் இரும்பில் காந்தம் மிஞ்சியிருப்பதைக் குறிக்கும். அதுபோல, காரணம் போன பிறகும் வேலையின்மை மிஞ்சி நிற்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஐரோப்பாவில் பணவீக்கம் இறங்கியது, வேலையின்மை இறங்கவில்லை. பிரித்தானியாவில் மட்டும் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. நெருக்கடி தீர்ந்தால் வேலையின்மை தன் 'இயல்பான' அளவுக்குத் திரும்பும் என்பதே அதுவரை இருந்த நம்பிக்கை. அந்த இயல்பான அளவே மேலே நகர்ந்துவிடலாம் என்று 1986இல் பிளான்ஷார், சம்மர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எழுதினார்கள்.

எப்படி நகர்கிறது? கைப்பழக்கம் விட்டுப்போகிறது, 'அங்க ஆள் தேவையாம்' என்று சொல்லக்கூடிய கூட்டாளிகள் குறைகிறார்கள். அதைவிடப் பெரியது முதலாளியின் பார்வை. அமெரிக்காவில் தகுதி ஒத்த, ஆனால் இடைவெளி வேறுபட்ட கற்பனை விண்ணப்பங்களை ஆய்வாளர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. சும்மா இருந்த காலம் கூடக்கூட நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு குறைந்தது, அதுவும் முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே. வேலை மலிந்த நகரங்களில் இந்தத் தண்டனை கடுமை. வேலையே இல்லாத ஊர்களில் குறைவு. அங்கே குறை ஆளிடம் இல்லை, ஊரின் நிலையில் இருக்கிறது என்பது முதலாளிக்கும் தெரிகிறது.

பிளான்ஷாரும் சம்மர்ஸும் அழுத்திச் சொன்னது வேறொன்று: வேலையில் இருப்பவர்கள் தங்களுக்காகவே சம்பளம் பேசுகிறார்கள், வெளியே தள்ளப்பட்டவருக்கு அந்த மேசையில் இடமில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் போராட்டமாக உட்கார்ந்ததை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

தொழிலும் கலைந்துபோகும். மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வந்தது, நெல் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்தது. யுத்தம் அதை முடக்கியது. இப்படியொரு ஆலை நின்றால் இயந்திரம் துருப்பிடிப்பது மட்டுமல்ல. வைக்கோல் ஏற்றியவரும் மெக்கானிக்கும் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார்கள். கதவைத் திறந்தவுடன் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

ஆனாலும் இது மாறாத விதி இல்லை. அமெரிக்காவில் 2009 ஒக்டோபரில் 10 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2019 செப்டெம்பரில் 3.5க்கு இறங்கியது. ஆள் தட்டுப்பாடு வந்தபோது, நெடுநாள் வேலையின்றி இருந்தவர்களையும் எடுத்தார்கள். கிழக்கில் அப்படியொரு தட்டுப்பாடு தானாக வரும்வரை காத்திருக்க முடியாது. நெடுநாள் வேலையற்றவரை எடுப்பவருக்குத் தொடக்க காலச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே கொடுக்கும் முறை ஜேர்மனியிலும் சுவீடனிலும் இருக்கிறது. இங்கே அதை, படித்து முடித்த முதல் வருசத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும்.